‘பிரித்தானியர்’ என்னும் பெயரும் அதன் வழக்கும்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல் ஐயரை அறியாத தமிழாசிரியர் இலர். ஆயினும், அவர் எந்நாட்டவர் என்று வினவினால் விடைகள் வேறுபடும். ஆங்கிலேயர் என்பார் சிலர். அயர்லாந்து நாட்டவர் என்பார் சிலர். ஸ்காட்லாந்துக்காரர் என்பார் வேறு சிலர். அவர் 1814-இல் அயர்லாந்தின் வடபகுதியில், ஸ்காட்லாந்து மரபினரான பெற்றோர்க்குப் பிறந்தார். சிறுவராக இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே அவர் பயின்றார். 1838-இல் சென்னைக்கு வந்தவர், பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்து அதன் ஆயராகவும் உயர்ந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அயர்லாந்து முழுவதும் ஐக்கிய முடியரசின் பகுதியாக இருந்தது. ஆகவே பிறந்த மண்ணால் அயர்லாந்தினர் என்றும், மரபாலும் வளர்ப்பாலும் ஸ்காட்லாந்தினர் என்றும், அரசால் பிரித்தானியர் என்றும் அவரைக் கூறுதல் பொருந்தும். பிறப்புக்கும் வளர்ப்புக்கும் பொருந்தாதது ‘ஆங்கிலேயர்’ என்பது ஒன்றே. நம் நாவில் எளிதாக வருவதோ அதுவே.

இச்சிறு தடுமாற்றம் நம்முடையது மட்டுமன்று. ‘பிரித்தானியர் என்பார் யாவர்?’ என்னும் வினா அந்நாட்டிலேயே நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் விளையாட்டரங்கிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல், மொழியில் ஒரு சொல் வழங்கும் முறையையும் உரிமை கோரித் தொடுக்கும் பூசலையும் ஒருங்கே குறிக்கும். ‘பிரித்தானியர்’ என்னும் பெயரைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் பிரிக்க இயலாதவை. அப்பெயர் ஒரு நிலத்தையும், ஓர் அரசுக்கு உட்பட்ட சட்டநிலையையும், ஒருவர் தம் உள்ளத்தில் கொள்ளும் உறவையும் குறித்து நிற்கும். இம்மூன்றும் எக்காலத்தும் ஒரே மக்கள்மீது ஒருங்கே பொருந்தியதில்லை. ஒரு பொருளில் அப்பெயருக்கு உரியவரை மற்றொரு பொருளை அளவுகோலாகக் கொண்டு மறுக்கும்போதே பூசல் எழுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பகுதியின் பெயர் முழுமைக்கு ஆதல்

இன்றைய அரசின் முழுப்பெயர் ‘பெரிய பிரித்தானியா, வட அயர்லாந்து ஆகியவற்றின் ஐக்கிய முடியரசு’ என்பதாகும். பெரிய பிரித்தானியா என்பது ஒரு தீவு. அதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகள் உள்ளன. அயர்லாந்துத் தீவின் வடகிழக்குப் பகுதியே வட அயர்லாந்து. எஞ்சிய பெரும்பகுதி அயர்லாந்துக் குடியரசு என்னும் தனிநாடு. ஐக்கிய முடியரசின் மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேற்பட்டோர் இங்கிலாந்தில் வாழ்கின்றனர்.

‘வெற்றிலை நட்டான்’ என்னும் தொடரில் இலையின் பெயர் கொடிக்கு ஆகி வந்தது. அதனைச் சினையாகுபெயர் என்கிறோம். முடியரசு முழுவதையும் ‘இங்கிலாந்து’ என்றும், அதன் மக்கள் அனைவரையும் ‘ஆங்கிலேயர்’ என்றும் வழங்குவதும் அத்தகைய சினையாகுபெயரே. தமிழர் மட்டுமன்றி, ஆங்கிலேயருள் பலரும் நெடுங்காலம் அவ்வாறே பேசியும் எழுதியும் வந்தனர். சட்டமும் அதற்குத் துணைநின்றது. நாடாளுமன்றச் சட்டங்களில் ‘இங்கிலாந்து’ என வருமிடமெல்லாம் வேல்ஸையும் உள்ளடக்கியதாகக் கொள்ளவேண்டும் என 1746-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. இனி இயற்றப்படும் சட்டங்களுக்கு அவ்விதி பொருந்தாது என்னும் மாற்றம் 1967-இல்தான் வந்தது. ஐக்கிய முடியரசின் கொடியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றின் சிலுவைகள் உள்ளன. வேல்ஸுக்கு உரிய அடையாளம் எதுவும் இல்லை.

இலையின் பெயரால் கொடியை அழைத்தால் கொடி வருந்தாது. மக்களின் நிலை அத்தகையதன்று. பகுதியின் பெயர் முழுமைக்கு ஆகும்போது மற்றப் பகுதியினர் பெயரற்றோர் ஆகின்றனர். ஸ்காட்லாந்தினர் ஒருவரை ‘ஆங்கிலேயர்’ என்றழைத்தால் அவர் உடனே திருத்துவதன் காரணம் இதுவே.

விளையாட்டரங்கில் இச்சிக்கல் வெளிப்படையாகத் தோன்றும். 1872-இல் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய காற்பந்தாட்டமே நாடுகளுக்கிடையிலான முதல் ஆட்டமாகப் போற்றப்படுகிறது. இன்றும் உலகக் கிண்ணப் போட்டிக்கு நான்கு நாடுகளும் நான்கு அணிகளை அனுப்புகின்றன. ஒலிம்பிக் போட்டியிலோ அவை ஒரே அணியாகச் செல்கின்றன. ரக்பி ஆட்டத்தில் அயர்லாந்துத் தீவு முழுமைக்கும் ஓரணி. எல்லைக்கு இருபுறமும் உள்ளோர் அதில் இணைந்து ஆடுவர். கிரிக்கெட்டில் ‘இங்கிலாந்து’ எனப்படும் அணி வேல்ஸுக்கும் உரியது. ஆக, ஒரே மனிதர் ஆடும் ஆட்டத்தைப் பொறுத்து அவர்தம் நாட்டின் பெயர் மாறுகிறது. ஸ்காட்லாந்து வீரர் வென்றால் ‘பிரித்தானியர்’, தோற்றால் ‘ஸ்காட்லாந்துக்காரர்’ என்று செய்தியாளர் எழுதுவர் என்பது அங்கு வழங்கும் நகைச்சுவை. நகைப்பினுள் ஒரு மனக்குறையும் அடங்கியிருத்தலை உணரலாம்.

பெயர் இடம்பெயர்ந்த வரலாறு

‘பிரித்தானியா’ என்னும் பெயர் தொடக்கத்தில் எவர்க்குரியது என நோக்கினால் வியப்பே மிஞ்சும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் இன்றைய மர்செய் நகரிலிருந்து கடற்பயணம் மேற்கொண்ட பைத்தியசு என்னும் கிரேக்கர் அத்தீவைப் ‘பிரெத்தனிக்கே’ என்னும் பெயரால் குறித்தார். அவருடைய நூல் மறைந்துவிட்டது. பிற்காலத்தார் எடுத்துரைத்தவற்றாலேயே அதனை அறிகிறோம். உரோமானியர் அதனைப் ‘பிரித்தானியா’ என்றாக்கினர். இன்றைய வேல்ஸ் மொழியில் அத்தீவின் பெயர் ‘பிரிடைன்’ என வழங்குகிறது. கெல்டிக் மொழி பேசிய பழங்குடியினரே முதலில் பிரித்தானியர் எனப்பட்டோர் ஆவர்.

உரோமானிய ஆட்சி நீங்கிய பின் வடகடலுக்கு அப்பாலிருந்து ஆங்கிள், சாக்சன் முதலிய செருமானியக் குழுவினர் வந்து குடியேறினர். ஆங்கிள் குழுவினரின் பெயரால் இங்கிலாந்து பெயர்பெற்றது. வந்தவர், அங்கே முன்னரே வாழ்ந்தவரை ‘வேலா’ என்னும் தம் மொழிச் சொல்லால் அழைத்தனர். அதன் பொருள் ‘அயலார்’ என்பதாகும். ‘வேல்ஸ்’ என்னும் பெயரின் வேர் அதுவே. வேல்ஸ் மக்களோ தம்மைக் ‘கம்ரி’ என்பர். ‘ஒரே நிலத்தைச் சார்ந்தோர்’ என்பது அதன் அடிப்பொருள். வந்தவர், இருந்தவரை அயலார் என்றனர். இருந்தவர், தம்மை நிலத்தார் என்றனர். இரு பெயரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அருகருகே வாழ்கின்றன. வேல்ஸ் மொழியினர் இன்றும் ஆங்கிலேயரைச் சாக்சன் என்னும் பெயரின் திரிபாலேயே அழைக்கின்றனர். ‘ஸ்காட்’ என்பதும் தொடக்கத்தில் அயர்லாந்தினரைக் குறித்து இலத்தீனில் வழங்கிய பெயரேயாகும். அங்கிருந்து குடியேறியோர் வழியாக அது வடபுலத்திற்கு உரியதாயிற்று.

‘பெரிய’ என்னும் அடைமொழியும் முதலில் பெருமை குறித்ததன்று. பழம் பிரித்தானியருள் ஒரு சாரார் கடல்கடந்து இன்றைய பிரான்சின் வடமேற்கில் குடியேறினர். அந்நிலம் பிரித்தனி எனப்பட்டது. அச்சிறு பிரித்தானியாவிலிருந்து வேறுபடுத்தவே தீவு ‘பெரிய பிரித்தானியா’ எனப்பட்டது.

நெடுங்காலம் நிலப்பெயராகவும் பழங்குடிப் பெயராகவும் இருந்த இச்சொல்லை அரசின் பெயராக்க முயன்றவர் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ். 1603-இல் அவர் இங்கிலாந்தின் அரியணையையும் பெற்றார். மறு ஆண்டே தம்மைப் ‘பெரிய பிரித்தானியாவின் மன்னர்’ என அறிவித்துக்கொண்டார். அப்பெயரை ஏற்க ஆங்கிலேய நாடாளுமன்றம் இசையவில்லை. இரு நாடாளுமன்றங்களும் ஒன்றான 1707-ஆம் ஆண்டில்தான் பெரிய பிரித்தானியா என்னும் அரசு சட்டப்படி உருவாயிற்று. அதன்பின் ஸ்காட்லாந்தை ‘வட பிரித்தானியா’ என்று எழுதும் வழக்கம் ஒரு காலம் பரவியது. படைப்பிரிவுக்கும் தொடர்வண்டி நிறுவனத்திற்கும் அப்பெயர் இடப்பட்டது. இங்கிலாந்தைத் ‘தென் பிரித்தானியா’ என்றழைக்கும் வழக்கமோ வேரூன்றவில்லை. புதிய பொதுப்பெயர்க்காகத் தம் பெயரை விட்டுக்கொடுக்கும் கடமை சிறிய பங்காளிக்கே நேர்ந்தது.

1801-இல் அயர்லாந்து இணைக்கப்பட்டது. 1922-இல் அதன் பெரும்பகுதி பிரிந்தது. அம்மாற்றத்திற்கேற்ப 1927-இல் முடியரசின் பெயரும் திருத்தப்பட்டது. ஆகவே ‘பிரித்தானியர்’ என்பதை மாறாத தொல்பெயர் எனக் கொள்ள இடமில்லை. அது தோல்வியுற்ற மக்களின் பெயராகத் தொடங்கி, அவர்களை வென்றோரும் ஏற்றுக்கொண்ட பெயராக வளர்ந்தது.

சட்டம் இட்ட பெயர்

சட்டத்தில் நெடுங்காலம் ‘குடிமக்கள்’ என்னும் கருத்து இல்லை. ‘பிரஜை’ என்னும் கருத்தே இருந்தது. மன்னரின் ஆட்சிநிலத்தில் பிறந்தவர் மன்னர்க்குப் பற்றுடையவர். மன்னர் அவர்க்குக் காவல் அளிப்பவர். 1608-இல் முடிவான கால்வின் வழக்கில், ஜேம்ஸ் மன்னர் ஆங்கிலேய அரியணை ஏறிய பின் ஸ்காட்லாந்தில் பிறந்த குழந்தை இங்கிலாந்தில் அயலார் ஆகாது என நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். மொழி, மரபு, சமயம் ஆகியவை அங்கே வினவப்படவில்லை. பிறந்த மண் எம்மன்னர்க்குரியது என்பதே வினா.

பேரரசு விரிந்தபோது இவ்விதியும் விரிந்தது. நம் முன்னோர் வாழ்விலேயே இதனைக் காணலாம். மலாயாத் தோட்டம் ஒன்றில் ஒரே வரிசை வீடுகளில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன எனக் கொள்வோம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து வந்தவர் பிரித்தானியப் பிரஜை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்து வந்தவர், தொண்டைமான் மன்னரின் குடியாதலால், ‘பிரித்தானியப் பாதுகாப்புக்குட்பட்டவர்’ மட்டுமே. காரைக்காலிலிருந்து வந்தவரோ பிரெஞ்சு ஆட்சிக்கு உரியவர். மொழியும் உணவும் வழிபாடும் ஒன்றாயிருந்தும் சட்டத்தின் ஏட்டில் மூவரும் மூவேறு பெயரினர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் பிறந்தோரும் பிரித்தானியப் பிரஜைகளே. அவர்களுள் எவரும் தம்மை ‘வெள்ளைக்காரர்’ என்று எண்ணியிருக்க மாட்டார். வெள்ளைக்காரரும் அவர்களைத் தம்முள் ஒருவராக எண்ணியதில்லை. ஆயினும் பிரித்தானியர் என்னும் சொல்லின் சட்டப்பொருள் அவர்கள்மீது முழுமையாகப் பொருந்தியது.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ‘ஐக்கிய முடியரசு மற்றும் குடியேற்ற நாடுகளின் குடிமக்கள்’ என்னும் பெரும்பிரிவை உருவாக்கியது. இலண்டனில் பிறந்தவரும் ஜமைக்காவில் பிறந்தவரும் பினாங்கில் பிறந்தவரும் ஒரே பிரிவினர். அவ்வாண்டு ஜூன் மாதம், கரிபியத் தீவுகளிலிருந்து பலரை ஏற்றிக்கொண்டு ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் டில்பரித் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலில் வந்த கரிபியத் தீவினர் பிரித்தானியப் பிரஜைகளாகவே கரையிறங்கினர்.

அதன்பின் சட்டம் படிப்படியாகத் தன் சொல்லைச் சுருக்கியது. 1962, 1968, 1971 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், பெயரளவில் பிரித்தானியராயினும் தீவோடு பிறப்பாலோ மரபாலோ தொடர்பற்றவர் உள்ளே வந்து வாழும் உரிமையைக் கட்டுப்படுத்தின. 1981-இல் இயற்றப்பட்டு 1983-இன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டம் முழு உரிமையுடைய ‘பிரித்தானியக் குடிமக்கள்’ என்னும் பிரிவைத் தனியே வகுத்தது. அத்தீவில் பிறந்தமை ஒன்றாலேயே குடியுரிமை பெறும் பழைய விதியும் அன்றோடு முடிவுற்றது. இன்று பிரித்தானிய நாட்டினம் என்னும் சொல்லின்கீழ்ச் சட்டத்தில் ஆறு வகைகள் உள்ளன. அவற்றுள் சில வகையினர் பிரித்தானியக் கடப்பிதழ் வைத்திருந்தாலும் பிரித்தானியாவில் குடியிருக்கத் தாமாகவே உரிமை உடையோர் ஆகார்.

மலேசிய வாசகர்க்கு இது தொலைவுச் செய்தியன்று. 1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது பினாங்கு, மலாக்கா ஆகியவற்றில் பிறந்தோர் தம் பழைய பிரித்தானியச் சட்டநிலையை இழக்கவில்லை. 1983-இல் அவர்களுள் பெரும்பாலோர் ‘பிரித்தானியக் கடல்கடந்த குடிமக்கள்’ என்னும் வகைக்கு மாற்றப்பட்டனர். அப்பெயரில் ‘பிரித்தானிய’ என்பதும் உண்டு, ‘குடிமக்கள்’ என்பதும் உண்டு. குடியேறும் உரிமை மட்டும் இல்லை. பெயரை நம்பிச் சிலர் மலேசியக் குடியுரிமையைத் துறந்தனர். எதிர்பார்த்த உரிமை கிட்டாமல் இரு நாடுகளுக்கும் இடையே நின்றனர். ஒரு சொற்றொடரின் அடைமொழி எதனைத் தருகிறது, எதனைத் தரவில்லை என்பதை உணராமையால் நேர்ந்த துன்பத்திற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தீவுக்குள்ளேயும் இத்தகைய துன்பம் நிகழ்ந்தது. 1973-க்கு முன் குழந்தைகளாக வந்து, பள்ளி சென்று, உழைத்து, வரி செலுத்தி முதுமை அடைந்த கரிபியத் தீவினர் பலர், தாம் அங்கே தங்கும் உரிமையுடையோர் என்பதற்குச் சான்று காட்டுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் வந்தபோது அத்தகைய சான்று எதுவும் வழங்கப்படவில்லை. அவர்தம் வருகையைக் காட்டக்கூடிய பழைய அட்டைகளையும் உள்துறை அமைச்சு 2010-இல் அழித்துவிட்டிருந்தது. வேலையும் வீடும் மருத்துவமும் இழந்தோர் உண்டு. நாடு கடத்தப்பட்டோரும் உண்டு. 2018-இல் இது வெளிப்பட்டபோது அரசு மன்னிப்புக் கோரியது. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். அவர்கள் தம்மைப் பிரித்தானியர் என்றே எண்ணி வாழ்ந்தவர்கள். தாளில் அச்சொல் இல்லாமையே குற்றமாயிற்று.

படிவத்தில் ஒரு கட்டம்

சட்டநிலை இவ்வாறாக, மக்கள் தம்மை எப்பெயரால் அழைக்க விரும்புகின்றனர் என்பதை அறியும் முயற்சியும் நிகழ்ந்தது. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘வேல்ஸ் நாட்டவர்’ என்று குறிக்கத் தனிக் கட்டம் இல்லாமையால் வேல்ஸில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2011-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாட்டின அடையாளம் பற்றிய வினா முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைக் குறிக்கவும் இடமிருந்தது.

2011-இல் இவ்விரு நாடுகளிலும் ‘ஆங்கிலேயர்’ என்பதை மட்டும் குறித்தோர் 57.7 விழுக்காட்டினர், ‘பிரித்தானியர்’ என்பதை மட்டும் குறித்தோர் 19.1 விழுக்காட்டினர். பத்தாண்டுகளுக்குப் பின், 2021-இல், ‘பிரித்தானியர்’ மட்டும் எனக் குறித்தோர் 54.8 விழுக்காடாக உயர்ந்தனர். ‘ஆங்கிலேயர்’ மட்டும் என்போர் 14.9 விழுக்காடாகக் குறைந்தனர். எண்களை மட்டும் காண்போர், பத்தாண்டுகளில் ஒரு நாட்டின் உள்ளமே மாறிவிட்டது என்று கருதுவர். காரணம் பெரும்பாலும் வேறு. 2011-இன் படிவத்தில் இங்கிலாந்தில் முதற்கட்டம் ‘ஆங்கிலேயர்’. 2021-இல் முதற்கட்டம் ‘பிரித்தானியர்’. இம்மாற்றமே விடைகளை மாற்றியிருக்கக்கூடும் எனப் புள்ளியியல் அலுவலகமே விளக்கியது.

இதிலிருந்து மக்கள் கருத்தின்றி விடையளித்தனர் எனக் கொள்ளுதல் தவறு. இங்கிலாந்தில் வாழும் பலர்க்கு அவ்விரு பெயரும் ஏறத்தாழ ஒரே பொருளன. இரண்டும் தமக்குரியவை என்று எண்ணுவோர் முதலில் கண்டதைக் குறித்தனர். ஸ்காட்லாந்தில் நிலை வேறு. அங்கே 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘ஸ்காட்லாந்தினர்’ மட்டும் எனக் குறித்தோர் 65.5 விழுக்காட்டினர். இரு பெயர்களுக்கும் இடையே வேறுபாட்டை அன்றாடம் உணர்வோர் கட்டத்தைத் தேடிக் குறிப்பர். உணராதோர்க்குக் கட்டத்தின் வரிசையே போதும்.

ஒருவர்க்கு இரு பெயர்

வட அயர்லாந்தில் இப்பெயர்கள் உயிரையே விலையாகக் கொண்டவை. ஒரே நகரைச் ‘டெரி’ என்பதா, ‘லண்டன்டெரி’ என்பதா என்னும் தேர்விலேயே பேசுவோரின் சார்பு வெளிப்படும். ‘பிரித்தானியத் தீவுகள்’ என்னும் புவியியல் தொடரையும் அயர்லாந்து அரசு ஏற்பதில்லை. தம் தீவு பிரித்தானியர்க்கு உடைமை என்னும் பொருளை அது தருகிறது என்பது அங்குள்ளோர் கருத்து.

முப்பதாண்டுக் காலப் பூசலுக்குப் பின் 1998-ஏப்ரலில் கையெழுத்தான பெருவெள்ளி உடன்படிக்கை இதற்குச் சொல்லளவிலும் ஒரு தீர்வு கண்டது. வட அயர்லாந்து மக்கள் தம்மை அயர்லாந்தினர் என்றோ, பிரித்தானியர் என்றோ, இரண்டும் என்றோ தாமே கொள்ளவும், அவ்வாறே பிறரால் ஏற்கப்படவும் பிறப்புரிமை உடையோர் என அது உரைத்தது. பெயரிடும் உரிமையை அரசிடமிருந்து எடுத்து, பெயர்க்குரியவரிடமே அளித்த அரிய ஆவணம் அது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ‘பிரித்தானியர்’ மட்டும் என்போர் 31.9 விழுக்காடு, ‘அயர்லாந்தினர்’ மட்டும் என்போர் 29.1 விழுக்காடு, ‘வட அயர்லாந்தினர்’ மட்டும் என்போர் 19.8 விழுக்காடு.

ஆயினும் உடன்படிக்கையின் மொழியும் சட்டத்தின் மொழியும் ஒன்றாகவில்லை. அங்கே பிறந்து தம்மை அயர்லாந்தினர் என்றே கொண்ட பெண் ஒருவர், தம் அயல்நாட்டுக் கணவர்க்கு அந்த அடிப்படையில் வாழும் உரிமை கோரினார். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பிரித்தானியரே என்று அமைச்சு மறுத்தது. 2019-இல் மேல் தீர்ப்பாயமும் அமைச்சின் பக்கமே நின்றது. அடுத்த ஆண்டு அரசு குடிநுழைவு விதிகளைத் தளர்த்தியமையால் அவ்வழக்கு நின்றது. விரும்பியும் கிட்டாத பெயர் விண்ட்ரஷ் மக்களுடையது. விரும்பாமலே சுமத்தப்பட்ட பெயர் இப்பெண்மணியுடையது. பெயர் ஒன்றே.

அடைமொழியின் இரு தொழில்

இனி இலக்கணத்தின் துணைகொண்டு ஒரு வேறுபாட்டைக் காண்போம். அடைமொழி இருவகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. ‘நெய்க்குடம்’ என்பதில் ‘நெய்’ என்னும் அடை, பால்குடம், நீர்க்குடம் முதலிய பிற குடங்களை விலக்குகிறது. இஃது இனமுள்ள அடைமொழி. ‘உப்பளம்’ என்பதில் ‘உப்பு’ எதனையும் விலக்கவில்லை. உப்பில்லாத அளம் இல்லை. இஃது இனமில்லா அடைமொழி. முன்னதைப் பிறிதினியைபு நீக்கியது என்றும், பின்னதைத் தன்னோடியைபின்மை நீக்கியது என்றும் உரையாசிரியர் கூறுவர்.

2014-இல் இங்கிலாந்தின் கல்வி அமைச்சு, பள்ளிகள் அனைத்தும் ‘அடிப்படைப் பிரித்தானிய விழுமியங்களை’ வளர்க்கவேண்டும் என வழிகாட்டியது. மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனித உரிமை, பிற சமயத்தாரை மதித்துப் பொறுத்தல் ஆகியவை அவ்விழுமியங்கள். இவற்றை மறுப்போர் சிலரே. பூசல் ‘பிரித்தானிய’ என்னும் அடைமொழியின்மீதே எழுந்தது. அது இனமில்லா அடையாயின், ‘நம் நாடு போற்றுபவை இவை’ என்னும் அளவில் நிற்கும். இனமுள்ள அடையாகக் கொள்வோர்க்கோ, ‘பிறர்க்கு இவை இல்லை; வெளியிலிருந்து வந்தோர் நம்மிடமிருந்தே கற்கவேண்டும்’ என்னும் பொருள் தொனிக்கும். எழுதியவர் ஒரு பொருளில் எழுத, படித்தவர் மறு பொருளில் படிக்க, ஒரே தொடர் ஒருவர்க்கு அழைப்பாகவும் மற்றவர்க்கு ஐயப்பாடாகவும் ஒலித்தது. அடைமொழியின் இவ்விரு தொழிலையும் பிரித்தறியாமல் இவ்விவாதத்தில் தெளிவு பெறுதல் அரிது.

தொடரின் வரிசையும் பொருள் தருவதே. தமிழில் தொகைச்சொல்லின் இறுதிச்சொல்லே பெரும்பாலும் தலைமை பெறும். ‘பிரித்தானிய ஆசியர்’ என்றால் அவர் ஆசியர், பிரித்தானியாவில் உள்ளவர். ‘ஆசியப் பிரித்தானியர்’ என்றால் அவர் பிரித்தானியர், ஆசிய மரபினர். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் படிவம் ‘ஆசியர் அல்லது ஆசியப் பிரித்தானியர்’ என்னும் தலைப்பை இட்டு இரு வரிசைக்கும் நடுவே ஒரு வழி கண்டது. 2011-இன் இனக்குழு வினாவில் ‘ஆங்கிலேயர்’ என்னும் சொல் வெள்ளையர் என்னும் தலைப்பின்கீழ் மட்டுமே வந்தது. ‘ஆசிய ஆங்கிலேயர்’ என்றொரு கட்டம் இல்லை. ஸ்காட்லாந்தின் படிவத்திலோ ‘ஆசிய ஸ்காட்லாந்தினர்’ என்பதற்கும் இடமிருந்தது. குடியேறியோர் வழிவந்தோர் பலர் ‘ஆங்கிலேயர்’ என்பதினும் ‘பிரித்தானியர்’ என்பதையே தமக்கு எளிதாக ஏற்றமைக்கு இதுவும் ஓர் அறிகுறி. பேரரசு விட்டுச்சென்ற சொல்லாதலால் அதில் பலர்க்கும் இடம் இருந்தது.

1990-இல் நார்மன் டெபிட் என்னும் அரசியலர், குடியேறியோர் கிரிக்கெட் ஆட்டத்தில் எவ்வணியை ஆதரிக்கின்றனர் என்பதைப் பற்றுக்கு அளவுகோலாகக் கூறினார். அவ்வணியின் பெயரோ ‘இங்கிலாந்து’. அந்த அளவுகோலை நீட்டினால், இங்கிலாந்து தோற்பதைக் கண்டு மகிழும் ஸ்காட்லாந்தினரும் தேர்ச்சி பெறார். சில ஆண்டுகளிலேயே, சென்னையில் பிறந்த நாசர் உசேன் 1999 முதல் 2003 வரை அவ்வணிக்குத் தலைமை தாங்கினார்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு மூன்று வினாக்களை முன்வைக்கிறோம். ஒரு நாட்டினப் பெயரைக் காணும்போது, முதலில், அது நிலத்தைக் குறிக்கிறதா, சட்டநிலையைக் குறிக்கிறதா, ஒருவர் தாமே கொண்ட உறவைக் குறிக்கிறதா என வினவுக. அடுத்து, அப்பெயரை இட்டவர் யார், ஏற்றவர் யார் எனக் காண்க. ‘வேல்ஸ்’, ‘கம்ரி’ என்னும் இரு பெயரும் இதனை விளக்கும். இறுதியாக, அடைமொழியாக வருமாயின் அது எவரை விலக்குகிறது என நோக்குக.

நம் எழுத்திலும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கலாம். முடியரசைக் குறிக்குமிடத்தில் ‘பிரித்தானியா’ அல்லது ‘ஐக்கிய முடியரசு’ என்றும், அதன் ஒரு பகுதியைக் குறிக்குமிடத்தில் மட்டும் ‘இங்கிலாந்து’ என்றும் எழுதுக. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். அவரை ஆங்கிலேயர் என எழுதும் கட்டுரையைத் திருத்துமிடத்து, மதிப்பெண் குறைப்பதோடு அமையாது காரணத்தையும் கூறுக. ‘ஆங்கிலேயர் ஆட்சி’ என்பது தமிழில் வேரூன்றிய சினையாகுபெயர். அதனை அடியோடு நீக்குதல் இயலாது. அஃது ஆகுபெயர் என்பதை அறிந்து வழங்கினால் போதும்.

‘மலேசியத் தமிழர்’, ‘சிங்கப்பூர்த் தமிழர்’, ‘தமிழ் மலேசியர்’ என நாம் நம்மையே அழைத்துக்கொள்ளும் தொடர்களையும் மாணவர் கையில் கொடுத்து, எது அடை, எது தலைமை, எது எவரை விலக்குகிறது என ஆராயச் செய்க. விடை ஒன்றாக அமையவேண்டும் என எதிர்பார்க்கவேண்டா. பினாங்கில் பிறந்து, தம் பழைய ஏட்டில் இருந்த ஒரு சொல்லை நம்பி, இரு நாடும் இன்றி நின்ற அம்மலேசியரை நினைவிற்கொண்டு அப்பயிற்சியைத் தொடங்குமாறு வேண்டி அமைகிறோம்.